எட்டு மணித் தண்ணீர்

வண்ணார்பேட்டையில் ஆற்றங்கரை ஓரம் குடியிருக்கிற எங்களுக்குத் தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறது என்பது புதுச் செய்தி இல்லை. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் தருகிற ஆறு இது. பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்களில் கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருக்கிறார்கள். அது ஓடைக்குப் போகிறது, ஓடை ஆற்றுக்குப் போகிறது. இதைப் பேசிப் பேசி அலுத்துப்போய், இனி எழுதி வைப்போம் என்று எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு நோட்டு போட்டோம்.

ஓடை கலக்கிற இடத்துக்கு மேலே ஒரு படித்துறை, கீழே ஒரு படித்துறை. இரண்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுக்கிறோம். சோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. நம் நாட்டு ஆய்வாளர்கள் 1982-ல் வெளியிட்ட எளிய முறை இது. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி இறுக மூடி, 24 முதல் 48 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். கறுத்தால் மலக் கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். நம்மூர் வெக்கைக்குப் பரண்மேல் வைத்தாலே போதும், பிள்ளைகள் கைக்கும் எட்டாது. பார்த்து முடித்ததும் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித்தான் கொட்டுவோம்.

ஆற்றுத் தண்ணீர் என்றால் மேல் படித்துறைக் குப்பியும் கறுக்கத்தான் செய்யும். மாடு இறங்குகிறது, மனிதர்களும் இறங்குகிறார்கள். அதனால் கறுத்ததா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணி நேரத்தில் கறுக்கிறது என்று குறிக்கிறோம். கிருமி கூடக்கூடச் சீக்கிரம் கறுக்கும். கீழ்ப் படித்துறைக் குப்பி மறுநாள் விடிவதற்குள் அட்டக் கறுப்பாக நிற்கும்போது, பக்கத்தில் இருக்கிற மேல் படித்துறைக் குப்பி இன்னும் பழுப்பாகவே இருக்கும்.

எந்த நேரத்தில் எடுப்பது என்று முடிவு செய்தது படித்துறையில் துணி துவைக்கிற ஓர் ஆச்சி. "ஏழரை எட்டுக்கு வாங்க. நுரை கெட்டியா வரும், வாடையும் வரும். பத்து மணிக்கெல்லாம் தெளிஞ்சிரும்" என்றார். ஊரே எழுந்து குளித்துக் கிளம்புகிற தண்ணீர் அந்த நேரத்தில்தான் ஓடைக்கு வந்து சேர்கிறது. ஆற்றில் ஆட்கள் குளிக்கிறதும் அதே நேரம்தான்.

குளிக்கும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கிற அளவுகள் நல்ல அளவுகள்தான். 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலத்திலிருந்து வருகிற கிருமி, 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஆனால் பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் தவிக்கிற மீன் நண்பகல் அளவில் தெரியாது. மாதத்துக்கு ஒரு தடவை, ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த தண்ணீரை வைத்து ஆறு நன்றாக இருக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நோட்டோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "குப்பி சோதனையெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா" என்றார் அங்கிருந்தவர். சரி, குப்பி எண்ணிக்கை சொல்லாது, வேறு சில மண் கிருமிகளாலும் கறுக்கும். ஆனால் எங்கே, எப்போது தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அது காட்டுகிறதே! குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பொதுமக்களும் பணம் கட்டிச் சோதிக்கலாம். குப்பி சீக்கிரம் கறுக்கிற நேரமாகப் பார்த்து, கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். எல்லா நாளும் கட்ட எங்களிடம் காசு இல்லை.

நோட்டில் மழையும் அணைத் தண்ணீரும் கட்டாயம் எழுத வேண்டும். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்ததும் ஆற்றில் தண்ணீர் கூடிச் சாக்கடை நீர்த்துப்போகும், குப்பி மெதுவாகக் கறுக்கும். சாக்கடை குறைந்துவிட்டது என்று யாராவது அதைக் காட்டிப் பேசினால், அணைத் தண்ணீர் எழுதிய கட்டத்தை எடுத்து நீட்டலாம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அதிகாரபூர்வச் சோதனைக்கும் காலை எட்டு மணிக்கு, ஓடைக்குக் கீழே தண்ணீர் எடுங்கள்.

சிற்றாறு வந்து சேருகிற சீவலப்பேரியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் யாராவது இதே மாதிரி நோட்டு போட்டால், இங்கே கலக்கிறது எவ்வளவு தூரம் போகிறது என்று சேர்ந்து பார்க்கலாம். நோட்டில் என்னென்ன கட்டம் போட வேண்டும் என்று கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.