தவணை வைக்காமல் ஒரு வேண்டுதல்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஊரில் அம்மா சொல்வார். சிங்கப்பூரில் எந்தப் பட்டத்தைத் தேடுவது? பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். செடிக்கும் நமக்கும் தேதி சொல்ல ஆளில்லை.

ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் துளசியும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறேன். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் மூன்றாவது செடி ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. அது பிஜன் ஆர்கிட். இந்த மண்ணின் செடி. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் தானாக ஒட்டி வளரும்.

அதன் மொட்டு ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். உரம் போட்டாலும் கெஞ்சினாலும் அசையாது. ஒருநாள் பெருமழை அடித்து, வெப்பம் திடீரென 5 டிகிரி போல இறங்கினால் விழித்துக்கொள்ளும். சுமார் ஒன்பதாம் நாள் காலையில் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். நல்ல வாசனை. ஒரே நாள்தான், வாடிவிடும்.

என் தம்பி சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறான். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். எப்போது கிடைக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. போன் தலையணைக்குப் பக்கத்தில், பை கதவோரத்தில். தண்ணீரை அளந்து குடிக்கிறான். வாழைப்பழத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று சொல்பவர்கள் அவனோடு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

"தைப்பூசத்துக்குள் நடக்கணும்", "தீபாவளிக்குள்" என்று முருகனிடம் தவணை வைத்துக் கேட்பது என் வழக்கம். இப்போதும் கேட்கிறேன். தவணையை மட்டும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு மாலை நல்ல மழை, ஜன்னல் சாத்தும் அளவுக்குக் குளிர். கணக்குப்படி அடுத்த வாரம் செவ்வாய். அன்று டயாலிசிஸ் இல்லை, காலையிலேயே வந்துவிடு என்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"பூக்கலைன்னா என்னக்கா பண்றது?"

"இட்லி சாப்பிட்டுட்டுப் போ. சாம்பார் மட்டும் கிடையாது."