1920களின் லண்டன் நைட் கிளப் ஒன்றை நாவலாக எழுதுகிறேன்: இதுவரை வந்த தூரம்

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே லண்டனில் நடக்கும் என் நாவலின் முதல் பாகம் ஒருவழியாக முடிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் பாதி தாண்டியிருக்கிறேன். எப்படிக் கட்டினேன், எதற்கு அதிக நேரம் போனது, எதில் பிடிவாதமாக இருக்கிறேன் என்பதையெல்லாம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நாவல் எழுத நினைக்கிற வேறு யாருக்காவது உதவும்.

கதை நடக்குமிடம் சோஹோவில் உள்ள ஜெரார்டு தெரு. அங்கே 43ஆம் எண் வீட்டில் 1921இல் கேட் மெய்ரிக் என்ற பெண்மணி தொடங்கிய கிளப்தான் அந்தக் காலத்து லண்டன் இரவுக்கே தலைவாசல். மெய்ரிக் அயர்லாந்துக்காரர், ஒரு டாக்டரின் மனைவி. குடும்ப வாழ்க்கை முறிந்தபிறகு, பெண் பிள்ளைகளை நல்ல பள்ளியில் படிக்க வைக்கவே இந்தத் தொழிலில் இறங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1919இல் லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு கிளப்பில் பங்காளியாகத் தொடங்கி, இரண்டே வருஷத்தில் சொந்த இடம். 1924இல் ஹாலோவே சிறையில் ஆறு மாதம். வெளியே வந்ததும் மறுபடி கிளப். நடுவில் ஒரு மகளுக்கு 1926இல் ஒரு பிரபுவோடு கல்யாணம், இன்னொரு மகளுக்கு 1928இல் இன்னொரு பிரபுவோடு கல்யாணம். இப்படி ஒரு வாழ்க்கையைக் கற்பனையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதனாலேயே அவரை நாயகியாக்கவில்லை. அதே தெருவில் எதிர்வரிசையில் ஒரு கற்பனைக் கிளப்பை வைத்தேன். நாயகி அங்கே வாசலில் கோட்டும் தொப்பியும் வாங்கி மாட்டி வைக்கிற பெண். மெய்ரிக்கின் பெயர் மற்றவர்கள் பேச்சில் மட்டும் வரும். உண்மையான மனிதர்களின் வாயில் நான் இட்டுக்கட்டிய வசனத்தை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

குற்றக்கதை என்றதும் கத்தி, துப்பாக்கி, இருட்டுச் சந்து என்று தான் நினைப்போம். குதிரைப் பந்தய மைதானங்களில் மிரட்டிப் பணம் பறித்த சபினி கும்பல் மாதிரி ஆட்களும் அப்போது இருந்தார்கள். ஆனால் படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது, இந்த உலகத்தில் குற்றத்தை உண்டாக்கியதே கடிகாரம்தான். முதல் உலகப் போர் தொடங்கியதும் 1914இல் வந்த அவசரச் சட்டத்தின் பேரில், மது விற்கும் நேரத்தைக் குறைத்தார்கள். போர் முடிந்தது, கட்டுப்பாடு போகவில்லை. 1921ஆம் வருஷத்துச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. சோஹோவும் சேர்ந்த லண்டன் மையப் பகுதியான வெஸ்ட் எண்டில் ராத்திரி 11 மணிக்குமேல் மது விற்கக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் பன்னிரண்டரை வரை. ஒரு ஷாம்பெயின் புட்டியைப் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு விற்றால் வியாபாரம், பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு விற்றால் கோர்ட்டு. போரிலிருந்து உயிரோடு திரும்பி வந்த ஒரு தலைமுறைக்கு "நேரமாச்சு, வீட்டுக்குப் போய்ப் படு" என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? அது புரிந்தபிறகு அத்தியாயங்களுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் மணிதான் தலைப்பு.

அடுத்தது கிளப் எப்படித் தப்பித்தது என்ற கேள்வி. பதிவு செய்த உறுப்பினர் கிளப்புக்குள் போலீஸ் நினைத்தபோது நுழைய முடியாது, வாரண்ட் வேண்டும். வாரண்ட் வாங்க ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்காகப் போலீஸ்காரர்கள் விருந்து உடை மாட்டிக்கொண்டு, உறுப்பினர் மாதிரி உள்ளே வந்து, ஆடி, குடித்து, பில்லைக் கட்டிவிட்டுப் போய் அறிக்கை எழுதுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதில்தான் அமைந்தது. மஃப்டியில் வந்த ஓர் இளம் கான்ஸ்டபிளின் கோட்டை வாங்குகிறபோது, அவன் காலில் பீட் சுற்றித் தேய்ந்த கனத்த பூட்ஸ் இருப்பதை நாயகி பார்த்துவிடுகிறாள். மேலே சொல்லி அனுப்புவதா, பேசாமல் இருப்பதா? அந்த அரை நிமிஷத்துக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், குறைக்கப் போவதில்லை.

இந்தச் சோதனைகளைப் பற்றி முன்கூட்டியே துப்புக் கொடுத்தவர்தான் நிஜக் கதையின் மையம். வைன் தெரு காவல் நிலையத்தைச் சேர்ந்த சார்ஜென்ட் ஜார்ஜ் காடர்டு. கிளப்புகளைக் கண்காணிப்பது அவர் வேலை, கிளப்புகளிடம் மாமூல் வாங்கியது அவர் பழக்கம். வாரச் சம்பளம் 6 பவுண்டு 15 ஷில்லிங். 1928இல் விசாரித்தபோது அவரிடம் சொந்த வீடு, கார், பெட்டகத்தில் சுமார் 12,000 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் 34 வருஷச் சம்பளம். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பந்தயத்தில் ஜெயித்தது, வெம்ப்லி கண்காட்சியில் மிட்டாய் விற்றது என்றெல்லாம் சொன்னார். 1929 ஜனவரியில் தீர்ப்பு: அவருக்கு 18 மாதக் கடுங்காவலும் 2,000 பவுண்டு அபராதமும். லஞ்சம் கொடுத்ததற்காக மெய்ரிக்குக்கும், இன்னொரு கிளப் நடத்திய லூயிஜி ரிபுஃபிக்கும் 15 மாதக் கடுங்காவல்.

எனக்குப் பெரிய புதையலாகக் கிடைத்தது ரூபாய் நோட்டு, அதாவது பவுண்டு நோட்டு, பற்றிய விவரம். அந்தக் காலத்து ஐந்து பவுண்டும் அதற்கு மேற்பட்டவையும் வெள்ளை நோட்டுகள். மெல்லிய வெள்ளைத் தாள், ஒரே பக்கத்தில் கறுப்பு மையில் அச்சு, பின்பக்கம் வெறுமை. நம் நோட்டுகளைவிடப் பெரியது, மடித்துத்தான் வைக்க வேண்டும். பெரிய தொகை என்பதால் எந்த எண்ணுள்ள நோட்டு யாருக்குப் போனது என்று வங்கியில் குறித்து வைப்பார்கள். 1 பவுண்டும் 10 ஷில்லிங்கும் 1928 கடைசி வரை அரசுக் கருவூலம் வெளியிட்ட வேறு வகை நோட்டுகள், அவற்றை இப்படி யாரும் தொடர்ந்து போவதில்லை. காடர்டின் பெட்டகத்தில் இருந்த வெள்ளை நோட்டுகளில் சிலவற்றின் எண்களைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், அவை கிளப்காரர்களின் கணக்கிலிருந்து வந்தவை என்று தெரிந்தது.

இதைப் படித்த ராத்திரியே இரண்டாம் பாகத்தின் முடிச்சு விழுந்துவிட்டது. என் கிளப்பில் மாமூலை யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. சார்ஜென்ட் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போவார். அது மாட்டியிருக்கும்போதே மேனேஜர் வந்து உறையை அதன் உள்பையில் வைத்துவிட்டுப் போவார். நாயகியின் பொறுப்பில் இருக்கிற கோட்டு அது. எப்போதும் உறைக்குள் சின்ன நோட்டுகள்தான். ஒரு வாரம் சில்லறைத் தட்டுப்பாடு. அந்த இடத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

"உறை வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. மழையில் ஊறிய கம்பளியிலிருந்து நாய் வாடை. மேனேஜர் ஒட்ட மறந்த வாய் திறந்து, உள்ளே வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. அவள் விரலை நுழைக்கவில்லை. கோட்டைச் சற்றே விளக்குப் பக்கம் திருப்பினாள். சுழித்துச் சுழித்து எழுதிய எழுத்து, அதற்குக் கீழே எண். ஐந்து இலக்கம். அவளுக்கு எண்கள் மறப்பதில்லை. இருநூறு கோட்டுகளின் வில்லை எண்ணைச் சுமந்தே பழகியவள்."

இனி அந்த எண் அவள் தலையில் வருஷக்கணக்காகக் கிடக்கப்போகிறது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதுதான் மீதிக் கதை.

காடர்டைவிட என் மனசைப் பிசைந்தவர் ஹொரஸ் ஜாஸ்லிங். அவரும் போலீஸ்காரர்தான். 1922லேயே காடர்டு லஞ்சம் வாங்குகிறார் என்று மேலிடத்தில் புகார் செய்தார். புகார் சொன்னவரையே குற்றவாளியாக்கி, வேலையைவிட்டுப் போக வைத்தார்கள். ஆறேழு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தபிறகுதான் அரசு அவருக்கு நஷ்டஈடு கொடுத்தது. பூட்ஸ் மாட்டிவந்த என் இளம் கான்ஸ்டபிள் இவரை நினைத்து எழுதியதுதான். முதல் பாகத்தில் ஓரமாக நின்றவன், இரண்டாம் பாகத்தில் கதையின் முதுகெலும்பாகிவிட்டான்.

நான் பிடிவாதமாக இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. 1922இல் ஃப்ரீடா கெம்ப்டன் என்ற இளம் நடனப் பெண் கோகெய்னால் இறந்துபோனாள். மரண விசாரணையில், உணவகம் நடத்திய பிரில்லியன்ட் சாங் என்ற சீனரின் பெயர் அடிபட்டது. 1924இல் அவர் கைதாகி, தண்டனை முடிந்ததும் நாடு கடத்தப்பட்டார். ஜமைக்காவிலிருந்து வந்த டிரம் கலைஞர் எட்கர் மானிங் 1923இல் சிறைக்குப் போனார். இருவரும் குற்றம் செய்தவர்கள்தான். ஆனால் அன்றைய பத்திரிகைகள் அதை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரப் பெண்களைக் கெடுக்கும் மஞ்சள் பேய், கறுப்புப் பேய் என்று எழுதித் தள்ளின. கோகெய்னை வாங்கிய பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அந்த உக்கிரம் இல்லை. என் நாவலில் கோகெய்ன் வருகிறது. அதை விற்பவன் உயர்குடியில் பிறந்த, போரில் பதக்கம் வாங்கிய ஓர் ஆங்கிலேயன். சீன வில்லனை வைத்தால் விறுவிறுப்பாக இருக்கும் என்று படித்த நண்பர் ஒருவர் சொன்னார். விறுவிறுப்புக்காக அந்தப் பழைய பொய்யைத் தமிழில் இன்னொரு முறை அச்சேற்ற என்னால் முடியாது.

லண்டனுக்குப் போய் வந்தவர்களுக்கு ஜெரார்டு தெரு என்றால் சைனா டவுன். அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த மாற்றம். 1920களில் சீனர்கள் இருந்தது கிழக்கே துறைமுகப் பக்கம், லைம்ஹவுஸில். சோஹோ அப்போது இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், யூதர்கள் வாழ்ந்த பகுதி. தெருவைப் பிடிக்க எனக்குக் கைகொடுத்தவை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பழைய ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள். இன்றைய படத்தின்மேல் அவற்றை வைத்துப் பார்க்கலாம். நாயகி அதிகாலையில் நடந்து வீடு போகும் வழி முழுக்க அப்படிப் போட்டதுதான். ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவுகளும் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் 1913உடன் நின்றுவிடும். அதனால் வழக்குக்குப் பத்திரிகைச் செய்திகளையும் நாடாளுமன்ற விவாதங்களையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உள்துறை அமைச்சர் ஜாய்ன்சன் ஹிக்ஸ் கிளப்புகளை ஒழிப்பதில் காட்டிய வேகம் விவாதங்களில் அப்படியே தெரிகிறது. இந்த ஆராய்ச்சி வேலை அலுக்கவே இல்லை.

இசையில் மட்டும் நிதானம் தேவைப்பட்டது. ஜாஸ் 1919லேயே லண்டன் வந்துவிட்டது, ஹாமர்ஸ்மித் பாலே (Palais) என்ற நடன மண்டபத்தில் அமெரிக்கக் குழு வாசித்தது. சார்ல்ஸ்டன் ஆட்டம் பைத்தியமாகப் பரவியது 1925வாக்கில். ஆகவே முதல் பாகத்தில் எல்லாரும் ஃபாக்ஸ்ட்ராட்தான் ஆடுகிறார்கள். அந்த வருஷத்து இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டே எழுதினேன். 1925க்கு முன் மைக் இல்லாமல் பெரிய புனல் வைத்துப் பதிவு செய்தார்கள், பெரிய டிரம்மின் அதிர்வு ஊசியைக் கெடுத்துவிடும் என்று அதை அடக்கி வாசிக்க வைத்தார்கள். தட்டில் கேட்காத அந்த டிரம்தான் கிளப்பின் தரைப்பலகையில் அதிர்ந்திருக்கும். நாயகி நிற்கிற வாசல் அறையில் பாட்டை எழுதாமல், பலகை வழியாகக் காலுக்கு வரும் அதிர்வை மட்டும் எழுதினேன். அப்புறம் அந்த இடங்கள் உயிரோடு வந்தன.

வசனம் பேச்சுக்குப் பக்கத்திலான எளிய தமிழ். சோஹோ ரவுடிகளுக்கு மெட்ராஸ் பாஷை கொடுக்கவில்லை, அது உடனே வாசகரை வடசென்னைக்குக் கூட்டிப்போய்விடும். கான்ஸ்டபிள் அவளை "மிஸ்" என்றும், மேனேஜர் "ஏம்மா" என்றும் கூப்பிடுகிறார்கள். அவள் முதலாளியம்மாவை "மேடம்" என்கிறாள். அது போதும்.

இப்போது கையில் இருப்பது நீதிமன்ற அத்தியாயம். எண்ணைச் சொல்லச் சாட்சிக் கூண்டில் ஏறும் நாயகியிடம், எதிர்த்தரப்பு வக்கீல் அவளுடைய நடத்தையைப் பற்றித்தான் முதலில் கேட்பார். அந்தக் குறுக்கு விசாரணையைக் கேள்வி பதிலாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன், விவரிப்பு ஒரு வரியும் இல்லாமல். மூன்றாம் பாகம் 1930கள். மெய்ரிக் 1933 ஜனவரியில் இறந்துவிடுகிறார். கிளப்புகளின் இடத்தில் பாட்டில் பார்ட்டி என்ற புது ஏற்பாடு வருகிறது: மதுவை முன்கூட்டியே கடையில் உங்கள் பேரில் எழுதி வைத்துவிட்டால், ராத்திரி அது "விற்பனை" ஆகாது, உங்கள் சொந்தச் சரக்கு. அந்த ஆர்டர் புத்தகத்தை எழுதும் வேலையில் நாயகியை உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். கோர்ட்டு அத்தியாயம் முடிந்ததும் அதைத் தொடங்குவேன்.