வெறும் இலைதானே என்று நினைத்தேன்

முதுகுவலிக்காக ஆரம்பித்த டிரமடால் (ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரை), ஒன்றரை வருடத்தில் நாளுக்கு 400 மில்லிகிராமில் வந்து நின்றது. வலி எப்போதோ போய்விட்டது. மாத்திரைதான் போகவில்லை. இயற்கை முறையில் விட்டுவிடலாம் என்று இறங்கினேன். இயற்கை மேல் பக்தியெல்லாம் இல்லை, யாருக்கும் தெரியாமல் முடிக்கலாமே என்றுதான்.

முதலில் ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாளே ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பெல்லாம் புல்லரிப்பு. ராத்திரி முழுக்கக் கால்கள் தானாக உதைத்துக்கொண்டன, வயிறும் நிற்காமல் போனது. மூன்றாம் நாள் மாத்திரையிடமே திரும்பினேன்.

அடுத்து கிராடம் பொடி, ஒரு மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்தது. இரண்டே நாளில் கேட்டது. கேட்காமல் என்ன? அதிலிருக்கும் மித்ராகைனின், ஓபியாய்டு மருந்துகள் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது. சில வாரங்களில் பொடி இல்லாமல் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

பொடியை விட்டு மறுபடி டிரமடால். கூடவே மனச்சோர்வுக்கு நல்லது என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. ஒரு மாலை கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடக்க அவசரப் பிரிவில் கிடந்தேன். “வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். “ஒன்றுமில்லை” என்றேன். பொய் சொல்லவில்லை, மூலிகையை நான் மருந்துக் கணக்கில் சேர்த்திருந்தால்தானே! பையில் இருந்த டப்பாவைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. டிரமடால், அந்த மூலிகை இரண்டுமே செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தை ஏற்றுபவை, சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

போதை மீட்பு கிளினிக்குக்கு முதல் தடவை போனது வீண். பழைய மருந்துச் சீட்டு இல்லாமல் பதிவு கிடையாது என்றார் கவுன்டரில் இருந்தவர். அதோடு விட்டாரா? “எதுக்கு, போதைக்கா?” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வி. திரும்பி வந்து பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நீங்கள் போவதானால் எல்லாச் சீட்டுகளையும், பொடி டப்பாக்களையும் சேர்த்து, முதல் நாளே கொண்டுபோங்கள்.

அப்புறம் சில மாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக டோஸைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். வியர்வைக்கும் படபடப்புக்கும் குளோனிடின், அது ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் அடிக்கடி பார்த்தார்கள். வீட்டு வைத்தியத்தில் எனக்கு உதவியவை: கால் உதைக்கும் இரவுகளில் வெந்நீர்க் குளியல், வயிறு போனபோது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், குமட்டலுக்கு இஞ்சி. கஷ்டத்தைத் தாங்க இவை போதும். மாத்திரையை விடுவிக்க இவற்றால் ஆகாது.

ஒன்றை மட்டும் டாக்டர் என் வீட்டாரையும் உட்காரவைத்துச் சொன்னார். விட்ட பிறகு உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும், பழைய அளவை ஒரு தடவை எடுத்தாலே மூச்சு நின்றுபோகலாம். அதனால் ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் மருந்து வீட்டில் இருக்கிறது, எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்.

மிச்ச மாத்திரைகளை எண்ணி கிளினிக்கில் ஒப்படைத்தேன். பொடி டப்பா ஒன்று மட்டும், நான் ஒளித்த இடம் எனக்கே மறந்து, போன வாரம் புத்தக அலமாரிக்குப் பின்னால் அகப்பட்டது.