குருவிச்சையும் முசுறும்: வளவுக் குறிப்புகள்

2025 மார்ச் 9, ஞாயிறு

யாழ்ப்பாணம் நீர்வேலியில் பெரியம்மா வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் குருவிச்சை (புல்லுருவி) பூத்துக் கிடக்கிறது. கிழக்குப் பக்கக் கொப்புகளில் பற்றை பற்றையாக. செம்மஞ்சள் குழல் பூக்கள், கொத்துக் கொத்தாய். ஆண் தேன்சிட்டு ஒன்று வெயிலில் கருநீலமாய் மின்னிக்கொண்டு கொத்துக்குக் கொத்து தாவியது. இன்னொரு சிட்டு வந்தபோது விரட்டி அடித்தது.

பெரியம்மாவுக்கு அதில் ஒரு அழகும் தெரியவில்லை. "தம்பி, ஆளைப் பிடிச்சு உதை வெட்டுவி. மரத்தின்ர சீவனை உறிஞ்சிக்கொண்டு கிடக்குது."

அவ சொல்வதில் பிழையில்லை. குருவிச்சைக்குப் பச்சை இலை இருக்கிறது, மாப்பொருளைத் தானே செய்துகொள்ளும். தண்ணீரையும் உப்புகளையும்தான் மரத்திடமிருந்து இழுக்கிறது. அந்த இழுப்பு நிற்காமல் இருக்க அதன் இலைகள் மரத்தின் இலைகளைவிட அதிகமாகத் தண்ணீரை ஆவியாக்குகின்றன. ஆறில்லாத ஊர், சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்குகிற மழைத்தண்ணீரை நம்பி வாழ்கிற மரம். பங்குனி வெயிலில் இப்படி ஒரு விருந்தாளி என்றால் எந்த மரத்துக்கும் கஷ்டம்தான். குருவிச்சை பிடித்த கொப்பில், அது ஒட்டின இடத்துக்கு அப்பால் நுனிப்பக்கம் பார்த்தேன். இலை சிறுத்திருக்கிறது, ஒரு பிஞ்சும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கிழமை உயிரினத் தொடர்புகள் பாடம். கரும்பலகையில் வழக்கமான அட்டவணை: இரண்டு பேருக்கும் நன்மை என்றால் சக (+), ஒருவருக்கு நன்மை மற்றவருக்குக் கெடுதி என்றால் சக–சய (+ −), ஒருவருக்கு நன்மை மற்றவருக்கு ஒன்றுமில்லை என்றால் சக–பூச்சியம். கடைசிக்கு ஓரட்டிலுண்ணல் என்று பெயர். பரீட்சைக்கு இது போதும், புள்ளி வரும். ஆனால் அட்டவணையில் எப்போதும் இரண்டு பேர்தான் நிற்பார்கள். மூன்றாவது ஆள் வந்தால் குறி மாறும் என்பதைக் காட்ட அதில் கட்டம் இல்லை.

மாட்டுக்கொக்கை உதாரணமாகச் சொன்னேன். கல்லுண்டாய் வெளியில் மாடு மேய, காலடியில் கிளம்புகிற வெட்டுக்கிளியைக் கொக்கு கொத்தும். 1965இல் ஹரல்ட் ஹீட்வோல் என்பவர் இதை அளந்தே காட்டினார்: மாட்டோடு போகிற கொக்கு தனியாக மேய்கிற கொக்கைவிடக் குறைவாக நடந்து கூடுதலாகப் பிடிக்கிறது. பின்வரிசையில் ஒருவன், "சேர், அப்ப வெட்டுக்கிளிக்கு?" என்றான். அதுதான் கேள்வி.

மார்ச் 29, சனி

குருவிச்சைப் பழம் பழுக்கத் தொடங்கிவிட்டது. விறாந்தையில் இருந்தபடியே இன்று பார்க்கக் கிடைத்ததை விரிவாக எழுதவேண்டும்.

பெருவிரல் அளவுச் சாம்பல்நிறக் குருவி, வளைந்த சிறு சொண்டு. பறவைப் புத்தகங்களில் பூங்கொத்தி. பழத்தைத் தோலுரித்து விழுங்கியது. சில நிமிடங்களில் விதை மறுபக்கம் வந்துவிட்டது, ஆனால் விழவில்லை. பசை நூலாகத் தொங்கியது. குருவி கொப்பில் குறுக்காகத் திரும்பி உட்கார்ந்து, பின்புறத்தை மரத்தோலில் இழுத்து இழுத்துத் தேய்த்தது. விதை ஒட்டிக்கொண்டது. நான் ஏணி வைத்து ஏறித் தொட்டுப் பார்த்தேன். விரலில் வந்த பசையைக் கழுவச் சவர்க்காரமும் பத்தவில்லை.

குருவிச்சை விதை நிலத்தில் விழுந்தால் முளைத்தாலும் பிழைக்காது. உயிருள்ள கொப்பின் மேல், வெயில் படுகிற இடத்தில்தான் வைக்கவேண்டும். வேறு பறவை தின்று எங்கோ எச்சமிட்டால் பெரும்பாலும் வீண். பூங்கொத்தி வைக்கிற இடம்தான் இடம். அதனால் பூங்கொத்திக்கும் குருவிச்சைக்கும் சக. குருவிச்சைக்கும் மாவுக்கும் சக–சய. அப்போது பூங்கொத்திக்கும் மாவுக்கும்? மாமரத்தில் எதையும் தின்னாமலேயே அதற்குக் கெடுதி செய்கிற குருவி அது.

ஏப்ரல் 6, ஞாயிறு

முசுறு (இலை தைத்துக் கூடு கட்டுகிற எறும்பு) கடித்த இடம் இன்னும் எரிகிறது. பிஞ்சு எண்ணலாம் என்று தெற்குக் கொப்பில் கை வைத்ததற்குக் கிடைத்த பரிசு.

அவை கூடு கட்டும்போது பார்க்கவேண்டும். ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகி, இரண்டு இலையின் விளிம்பை இழுத்துக் கிட்டக் கொண்டுவருகின்றன. உள்ளே நிற்பவை தங்கள் புழுவை வாயில் தூக்கி, அதன் வாயிலிருந்து வருகிற பட்டு நூலால் இங்கும் அங்கும் தொட்டுத் தொட்டுத் தைக்கின்றன. தையல் மெசினில் ஓடம் ஓடுகிறமாதிரி. வளர்ந்த முசுறிடம் நூல் கிடையாது, குழந்தையிடம்தான் இருக்கிறது.

கூட்டுக்குள் வெண்மூட்டுப்பூச்சி, மா பூசினது போல. சாற்றை உறிஞ்சி இனிப்பாய்க் கழிக்கும், முசுறு அதை நக்கும், பதிலுக்குக் காவல் நிற்கும். "பூச்சிக்குத் தரகு வேலை பாக்கிற எறும்பு, மருந்தடி" என்றா பெரியம்மா. கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அதே முசுறு புழு, வண்டு, பழ ஈ எல்லாவற்றையும் துரத்துகிறது. மேற்கு ஆபிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் முசுறின் நெருங்கிய இனம் ஒன்று இருக்கிறது. அது கூடக் கூட பழ ஈ பிடித்த மாம்பழம் குறைந்தது என்று பால் வான் மெல் குழுவினர் 2007இல் எழுதினார்கள். கறுத்தக்கொழும்பானுக்குப் பழ ஈதான் பெரிய எதிரி. உள்ளே நெளிகிற புழுவோடு பழத்தைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? கொஞ்சச் சாறு போனாலும் பழம் தப்பினால் கணக்கு மரத்துக்கு இலாபம். முசுறில்லாத மரத்தில் வெண்மூட்டுப்பூச்சி மட்டும் இருந்தால் நட்டம். அதே இரண்டு உயிர், கூட யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் குறி மாறுகிறது.

ஒரு பக்கக் குறிப்பு: கூட்டோரம் நின்ற "முசுறு" ஒன்று துள்ளியது. முசுறு துள்ளாது. எட்டுக் கால் எண்ணினால் சிலந்தி! முன்னங்காலைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நிற்கிறது. கடிக்கிற எறும்பு மாதிரி இருந்தால் குருவி கிட்ட வராது. ஆண் சிலந்திக்கு முன்னால் நீண்ட தாடை. தூரத்தில் பார்த்தால் முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போகிறமாதிரியே இருக்கும். இதைச் செய்த பரிணாமத்துக்குப் பகிடி தெரியும்போல.

ஏப்ரல் 15, செவ்வாய்

வருசப்பிறப்புக் கைவிசேடம், பலகாரம், உறக்கம். குயில் விடியவே கத்துகிறது.

பின்வளவு வேம்பில் காகக் கூடு. பாதி சுள்ளி, பாதி வேலிக் கம்பி. ஆண்குயில் முன்னால் வந்து கத்த, காகம் இரண்டும் கலைத்துக்கொண்டு போக, புள்ளிபோட்ட பெண்குயில் பின்பக்கத்தால் புகுந்தது. முட்டையிட்டதைக் கண்ணால் காணவில்லை, வேறு எதற்குப் போயிருக்கும். குயில் முட்டை காக முட்டையைவிட முந்திப் பொரிக்கும். ஆனால் ஐரோப்பியக் குயில் குஞ்சைப் போலக் கூட்டிலிருக்கிற மற்ற முட்டைகளைத் தள்ளி எறிகிற பழக்கம் இதற்குப் பெரும்பாலும் இல்லை. இரண்டும் சேர்ந்து வளர்வதுண்டு.

ஸ்பெயினில் வேறொரு குயிலினமும் வேறொரு காக இனமும். அந்தக் குயில் குஞ்சு பயந்தால் நாற்றமெடுக்கும் திரவம் ஒன்றைக் கழிக்கும். கொன்றுண்ணிகளுக்கு அது பிடிக்காது. கூட்டைக் கொள்ளையடிக்கிற விலங்குகள் அதிகமான ஆண்டுகளில் குயில் குஞ்சு இருந்த காகக் கூடுகளே கூடுதலாகத் தப்பின. 2014இல் சயன்ஸ் இதழில் வந்தது. கொள்ளை குறைந்த ஆண்டில் குயில் வெறும் சுமை. ஒட்டுண்ணி, காவலாளி இரண்டும் ஒரே குஞ்சு.

மே 3, சனி

வெட்டுக்காரர் வந்தார். அவருக்கு மரத்தை வெறுமையாக்கிவிட்டால்தான் திருப்தி.

நேற்றிரவு பெரியம்மாவுக்கு அவுஸ்திரேலியக் கதையைச் சொல்லியிருந்தேன். அங்கே டேவிட் வொட்சன் என்பவர் மரக்காட்டுத் துண்டுகள் சிலவற்றில் குருவிச்சை இனத்தை முழுதாக வெட்டிப் பார்த்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அங்கே பறவை இனங்கள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன, 2012இல் வெளியிட்டார்கள். பழம் தின்கிற பறவை குறைந்திருந்தால் ஆச்சரியமில்லை. குறைந்தவற்றில் நிறைய நிலத்தில் பூச்சி பொறுக்குகிறவை! காரணம் சருகு. மற்ற மரங்கள் இலையை உதிர்க்கமுன் அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்; குருவிச்சை அப்படி எடுப்பது குறைவு, சத்தோடேயே கொட்டிவிடும். அந்தச் சருகில் பூச்சி பெருகும், பூச்சிக்குப் பறவை வரும். மரத்திடம் திருடியதை மரத்தடியில் கொட்டுகிறது.

"அது அவுஸ்திரேலியா. இது என்ர மாமரம்" என்றா. நியாயமான பதில்.

பேரம் பேசி முடித்தது: காய்க்கிற கிழக்குக் கொப்புகளில் இருந்ததை வெட்டுவது, வடக்கில் வேலிப்பக்கம் இருக்கிற பற்றையை விடுவது. குருவிச்சையை மட்டும் சீவினால் உள்ளே ஓடியிருக்கிற வேரிலிருந்து திரும்பத் தளைக்கும். அதனால் ஒட்டின இடத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டுக் கொப்போடு வெட்டச் சொன்னேன். வெட்டியதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் ஆடுகளுக்குக் குழையாகப் போயிற்று. ஆடு மா இலையை விட்டுக் குருவிச்சை இலையைத்தான் முதலில் தின்றது.

மே 25, ஞாயிறு

கோப்பாய்ப் பக்கம் ஒரு பனையை ஆல் தழுவி நிற்கிறது. ஊர் முழுக்க இருக்கிற காட்சிதான். பறவை எச்சத்தில் வந்த ஆலம்விதை மட்டை இடுக்கில் முளைத்து, வேரைக் கீழே விட்டது. வேறு மரமென்றால் ஆல்வேர் தண்டை இறுக்க, தண்டு பருக்கப் பருக்க நெரிபட்டுச் சாகும். பனை பருக்காது, அதன் சாறோடும் குழாய்கள் தண்டு முழுதும் பரந்திருக்கின்றன. அதனால் நெரிப்பு அவ்வளவாக வேலை செய்யாது. தலைக்கு மேலே ஆல் குடைபிடித்து வெளிச்சத்தை மறைத்தால்தான் பனைக்கு முடிவு. அதற்கு இருப்பது ஒரே ஒரு குருத்து. பனையிடம் இப்படி நடக்கிற ஆலுக்குத் தன் பூவில் மகரந்தம் சேர்க்க ஒரு மில்லிமீற்றர் அளவுக் குளவி ஒன்று இல்லாவிட்டால் வித்து கிடையாது, அந்தக் குளவிக்கு ஆலம்பழத்தைத் தவிரப் பிறப்பிடமும் கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

முதல் பழங்கள். முசுறு நின்ற தெற்குக் கொப்புப் பழங்களில் புழு பார்த்த அளவில் இல்லை, கொக்கத்தடியால் பிடுங்கினவன் மட்டும் நன்றாகக் கடி வாங்கினான். மேற்குப் பக்கம் நாலைந்து ஈ குத்தினது. அடுத்த வருடம் அந்தக் கொப்புக்கும் தெற்குக் கொப்புக்கும் கயிறு கட்டி முசுறுக்குப் பாலம் போடவேண்டும். பெரியம்மா சம்மதித்துவிட்டா, ஒரு நிபந்தனையோடு: பழம் பிடுங்கமுன் கயிற்றை அவிழ்க்கவேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று வடக்குக் குருவிச்சையை எப்போது வெட்டுவது என்று கேட்டா. ஆட்டுக்கு.