கையைக் கட்டிக்கிட்டு உட்காரு

சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதைவிட வாத்தியாரைப் படுத்தி எடுத்தேன் என்றால் சரியாக இருக்கும். தாளம் தப்பும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "தெரியலேன்னா கையைக் கட்டிக்கிட்டு உட்காருடா." முப்பது வருடம் கழித்து, ஸ்பெயினில், தமிழே தெரியாத ஓர் அம்மா அதையே எனக்குச் சொன்னார். வாயால் இல்லை, என் மணிக்கட்டைப் பிடித்து.

ஆபீஸ் வேலையாக மாட்ரிட் போயிருந்தேன். வேலை இரண்டு நாள் முன்னதாகவே முடிந்துவிட, அந்த நாட்டுப் பாட்டும் ஆட்டமுமான ஃபிளமெங்கோவைப் பார்க்காமல் ஊர் திரும்புவதா என்று, தெற்கே இருக்கும் செவில் நகரத்துக்கு ரயில் ஏறினேன். இரண்டரை மணி நேரம். அன்று இரவே ஒரு 'தப்லாவ்' நிகழ்ச்சிக்கு டிக்கெட். பலகைக்கு ஸ்பானிஷில் 'தப்லா'. பலகை மேடை போட்ட அரங்கு தப்லாவ். டிக்கெட்டோடு ஒரு கிளாஸ் ஒயினும் உண்டு. ஆடிய பெண் நன்றாகவே ஆடினார், குறை சொல்லமாட்டேன். ஆனால் மைக் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் முழு நிகழ்ச்சியையும் போனில் பிடித்தார், நானும் அவர் போனில்தான் பாதியைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். வாசலில் அடுத்த காட்சிக்குக் கூட்டம் காத்திருந்தது.

மறுநாள் காலை குவாதல்கிவிர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ட்ரியானா பக்கம் நடந்தேன். ஒரு காலத்தில் ஹிதானோக்கள், அதாவது ஸ்பெயினின் ரோமா மக்கள், கொல்லுப்பட்டறை வைத்திருந்த பேட்டை. கிதார் இல்லாமல், சம்மட்டி அடிக்கு மட்டும் பாடும் 'மார்த்தினெத்தே' என்ற பாட்டு வகை இந்த மாதிரிப் பட்டறைகளோடு சேர்ந்தது. இன்று பட்டறைகளும் இல்லை, அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவையும் இல்லை. போன நூற்றாண்டின் நடுவில் அவர்களை நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆற்றைப் பார்த்த வீடுகள் இப்போது நல்ல விலை போகின்றன. (இந்தக் கதை எந்த ஊருக்கும் பொருந்தும், சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.)

நான் தங்கியிருந்த விடுதிக்காரப் பெண்மணியிடம் முந்தைய இரவைப் பற்றிப் புலம்பினேன். அவர் ஒரு காகிதத்தில் 'ஹெரெஸ்' என்று எழுதி, கீழே 'பென்யா' என்று எழுதி நீட்டினார்.

ஹெரெஸ் செவிலிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஷெர்ரி ஒயினுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த ஊரால்தான். ஃபிளமெங்கோ என்றால் சாந்தியாகோ, சான் மிகேல் என்று இரண்டு பேட்டைகளைச் சொல்கிறார்கள். பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தெருக்களில் இருந்தே வந்திருக்கிறார்கள். பென்யா என்பது ரசிகர்களே நடத்தும் சங்கம். நான் போனது ஒரு பழைய வீட்டுக் கூடம். நாற்பது மர நாற்காலி, ஒரு முழ உயர மேடை, சுவர் முழுக்கச் செத்துப்போன பாடகர்களின் படங்கள். மைக் கிடையாது. பத்து மணிக்கு என்று சொல்லிப் பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது ஆரம்பித்தார்கள். அது எனக்கு ரொம்பப் பழகின விஷயம்.

பாடகருக்கு அறுபது வயதிருக்கும். கரகரத்த தொண்டை. நம் வீட்டில் ஒருவருக்கு இப்படிக் குரல் இருந்தால் சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவோம். இங்கே அந்தக் கரகரப்புக்குத் தனிப் பெயரே உண்டு, 19ஆம் நூற்றாண்டில் எல் ஃபியோ என்ற பாடகருக்கு இருந்த குரல் என்று. முதலில் சோலேயா என்ற மெதுவான பாட்டு வகை. வார்த்தை வருவதற்கு முன்னால் வெறும் 'ஆய்' மட்டும் இரண்டு மூன்று முறை, குரல் எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்ப்பதுபோல. அப்புறம் ஒரு வரியை மேலே கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டு மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் பின்வரிசையிலிருந்து யாரோ "அகுவா!" என்று கத்தினார்.

அகுவா என்றால் தண்ணீர். அந்த ஒரு ஸ்பானிஷ் வார்த்தை எனக்குத் தெரியும். பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திரும்பி நீட்டினேன். பின்வரிசையே சிரித்தது. 'ஓலே' மாதிரி அதுவும் ஒரு சபாஷ் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆடவந்த பெண்ணுக்கு ஐம்பதாவது இருக்கும், நல்ல கனத்த உடம்பு. வந்ததும் ஆடவில்லை, நின்றார். பாடகர் ஒரு வரியை முடிக்கும்வரை நின்றார். பிறகு பாவாடையை முழங்கால் அளவுக்குத் தூக்கிப் பிடித்தார், நான் இரண்டாவது வரிசையில் இருந்ததால் செருப்பு நேராகக் கண்ணுக்கு வந்தது. கறுப்புத் தோல், கெட்டியான குதிகால். முன்பாதத்தின் அடியிலும் குதிகாலிலும் சின்னச் சின்ன ஆணிகள் நெருக்கமாக அடித்திருந்தார்கள். முன்பாதம் ஒரு சத்தம், குதிகால் இன்னொரு சத்தம். வேகம் கூடக் கூடப் பலகை இடுக்கிலிருந்து தூசி எழும்பி விளக்கு வெளிச்சத்தில் நின்றது. கிதார்க்காரர் தன் விரல்களைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்க ஆடுபவரின் காலில்தான். கால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் அது சைகை: இதோ திரும்பப் போகிறேன், நீயும் வா. உடனே மேடையில் இருந்த எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். செவிலில் பார்த்ததும் இதே ஆட்டம்தான், ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

கஹோன் இல்லாதது அப்போதுதான் உறைத்தது. செவிலில் ஒருவர் அந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்து வெளுத்து வாங்கினார், நானும் ஏதோ புராதன வாத்தியம் என்று நினைத்தேன். அது பெரு நாட்டுப் பெட்டி. 1970களின் கடைசியில்தான் கிதார் கலைஞர் பாகோ தெ லூசியா அதை ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்தார். இங்கே தாளம் முழுக்க உள்ளங்கையில். மேடையில் இரண்டு பேர் கை தட்டுவதற்காகவே உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு மெதுவாக இருக்கும்போது கையைக் குழித்துத் தட்டினார்கள், அடுத்த அறையில் கேட்பதுபோல் மொத்தென்ற சத்தம். வேகமெடுத்ததும் விரல்களால் மறு உள்ளங்கையில், சாட்டை மாதிரி. ஒருவர் தாளத்தில் தட்ட, இன்னொருவர் அதன் இடுக்குகளில் தட்டினார்.

புலேரியா என்ற வேகமான பாட்டு வகை ஆரம்பித்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. நானும் தட்டினேன். இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்றுகூட ஆகியிருக்காது, பக்கத்து நாற்காலி அம்மா மேடையிலிருந்து பார்வையை எடுக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல.

இடைவேளையில் அவரே என்னை பாருக்குக் கூப்பிட்டு, மரமேடையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். மொத்தம் 12 எண்ணிக்கை, ஆனால் எண்ணுவதே 12இல் தொடங்குகிறது. 12, 3, 6, 8, 10 என்று அழுத்தம். அவர் விரலால் எழுதிக் காட்டியதும் எனக்குள் முப்பது வயது குறைந்த ஒரு பையன் எட்டிப் பார்த்தான்: தகிட தகிட தக தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் முட்டியால் தட்ட, நான் திரும்பத் திரும்பச் சொல்ல, பார்க்காரர் கிளாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவ்வளவு நேரம் நான் நாலு நாலாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டை நாலால் வகுத்தால் மீதி வராது. கணக்கு சரி, பாட்டுதான் தப்பு.

(ரோமா மக்களின் மொழிக்கு வேர் வட இந்தியாவில், ஆகவே ஃபிளமெங்கோவே நம்முடையது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வந்தார்கள். இந்தக் கலை அதற்குப் பல தலைமுறைக்குப் பிறகு, செவிலும் ஹெரெஸும் இருக்கும் இந்தத் தெற்குப் பகுதியான அந்தலூசியாவில் உருவானது.)

கடைசியில் எல்லோரும் எழுந்து அரைவட்டமாக நின்றுகொண்டார்கள். ஒவ்வொருவராக நடுவே வந்து நாலு அடி ஆடிவிட்டுப் போவது வழக்கம். கிதார்க்காரர், பார்க்காரர், பின்வரிசை 'அகுவா' தாத்தாகூட ஆடினார். பக்கத்து அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்து, தன் கையைக் குழித்துக் காட்டினார். சரி என்று மெதுவாகத் தட்ட ஆரம்பித்தேன். தகிட தகிட தக தக தக. மூன்று ஆவர்த்தனம் நின்றேன். நாலாவதில் எட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டேன்.