சிறுதொழில் கார்டுப் புள்ளியில் சென்னைக்கு டிக்கெட்: விண்ணப்பம் முதல் இருக்கை வரை

கிரெடிட் கார்டில் செலவு செய்யச் செய்யச் சேரும் புள்ளியை விமான டிக்கெட்டாக மாற்றலாம். அமெரிக்காவில் சிறுதொழில் கிரெடிட் கார்டு வாங்கக் கடையோ பதிவு செய்த கம்பெனியோ தேவையில்லை. வீட்டில் கேக் செய்து விற்பவர், பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவர், இணையத்தில் புடவை விற்பவர் எல்லாரும் சோல் புரொப்ரைட்டர்தான், அதாவது கம்பெனி இல்லாமல் தன் பெயரிலேயே தொழில் செய்பவர். ஆனால் தொழில் உண்மையில் நடக்க வேண்டும், அதைச் செய்யும் உரிமையும் உங்களுக்கு இருக்க வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவர் ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாது. எச்4 விசாவில் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் கணவரோ மனைவியோ சொந்தத் தொழில் செய்யலாம். அதனால் பல வீடுகளில் விண்ணப்பம் அவர் பெயரில்தான் போக வேண்டும். இல்லாத தொழிலை இருப்பதாக வங்கிக்கு எழுதிக்கொடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். நாலு டிக்கெட்டுக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

முதல் கார்டாக நாங்கள் சொல்வது சேஸ் வங்கியின் இங்க் பிசினஸ் பிரிஃபர்டு. ஆண்டுக் கட்டணம் 95 டாலர். பயணம், பார்சல் அனுப்புவது, இணையம் மற்றும் ஃபோன் பில், கூகுள், ஃபேஸ்புக் போன்றவற்றில் தரும் விளம்பரம் ஆகியவற்றுக்கு டாலருக்கு 3 புள்ளி. ஆண்டுக்கு மொத்தம் 1,50,000 டாலர் வரை இது கிடைக்கும். கட்டணமே இல்லாத இங்க் பிசினஸ் கேஷ், ஸ்டேப்பிள்ஸ் மாதிரி அலுவலகப் பொருள் கடைகளிலும் இணைய, ஃபோன் பில்லிலும் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை டாலருக்கு 5 புள்ளி தரும். ஆனால் அதன் புள்ளியை நேராக விமான நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. முதலில் பிரிஃபர்டு கார்டுக்கு நகர்த்த வேண்டும். பிரிஃபர்டை மூடுவதாக இருந்தாலும் புள்ளியை நகர்த்திவிட்டுத்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கோடு புள்ளியும் போய்விடும்.

கடந்த 24 மாதத்தில் எந்த வங்கியிலாவது 5 அல்லது அதற்கு மேல் தனிநபர் கார்டு எடுத்தவர்களுக்குச் சேஸ் பொதுவாக மறுத்துவிடும். சேஸின் தொழில் கார்டு உங்கள் தனிநபர் கிரெடிட் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கையில்) வழக்கமாக ஏறாது என்பதால், அந்த 5 கணக்கில் இடம் பிடிக்காது. ஆகவே தொழில் கார்டை முதலிலும் தனிநபர் கார்டை அப்புறமும் எடுங்கள்.

படிவத்தில் தொழிலின் பெயர் என்ற இடத்தில் சோல் புரொப்ரைட்டர் தன் பெயரையே எழுதலாம். வரி எண்ணுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் போதும். இ.ஐ.என். என்ற தொழிலுக்கான தனி வரி எண் வேண்டுமென்றால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் வேண்டாம். எண்ணோடு வரும் சி.பி. 575 கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதில் இருக்கும் பெயரும் முகவரியும் படிவத்தில் உள்ளதும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பங்கள் அதிகம் தேங்குவது இந்த இடத்தில்தான். ஆண்டு வருமானம் என்று கேட்பது லாபம் அல்ல, மொத்த விற்பனை. அது 4,000 டாலர்தான் என்றால் 4,000 என்றே எழுதுங்கள். சின்னத் தொகைக்கும் கார்டு கிடைக்கிறது. கிரெடிட் ரிப்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்தால் முந்தின நாளே திறந்து வையுங்கள்.

உடனே ஒப்புதல் வராவிட்டால் அது மறுப்பு என்று அர்த்தமில்லை. ஃபோனில் பேசினால் என்ன தொழில், எத்தனை வருடம், மாதச் செலவு எவ்வளவு, இந்தக் கார்டு எதற்கு என்று கேட்பார்கள். படிவத்தில் எழுதியதையே சொல்லுங்கள். ஏற்கெனவே அந்த வங்கியில் தொழில் கார்டு இருந்தால், அதன் கடன் வரம்பில் ஒரு பகுதியை இதற்கு மாற்றித் தரச் சொல்லலாம்.

பெரிய லாபம் வரவேற்பு போனஸில்தான், அதாவது புதுக் கார்டில் குறித்த காலத்துக்குள் குறித்த தொகை செலவு செய்தால் மொத்தமாகக் கிடைக்கும் புள்ளியில். 3 மாதத்தில் 8,000 டாலர் செலவு கேட்கும் சலுகை என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 மாதக் கணக்கு தொடங்குவது ஒப்புதல் வந்த நாளில். கார்டு தபாலில் வந்த நாளில் அல்ல, ஆகவே கையில் இருப்பது 80 நாள் என்று எண்ணுங்கள். ஆண்டுக் கட்டணம் சேராது, பணமாக எடுத்ததும் சேராது, திருப்பிக் கொடுத்த பொருளின் தொகை கழிந்துவிடும். 8,300 வரை போய் நிறுத்துவது பாதுகாப்பு. தொழிலுக்கு எப்படியும் வரப்போகும் செலவைத்தான் முன்னால் இழுக்க வேண்டும்: ஆண்டு இன்சூரன்ஸ், சரக்கு, விளம்பரம். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15 தேதிகளில் கட்டும் ஐ.ஆர்.எஸ். முன்வரியையும் கார்டில் கட்டலாம். ஆனால் தொழில் கார்டுக்குக் கட்டணம் 3 சதவீதத்தை ஒட்டி வரக்கூடும். 3,000 டாலருக்கு 90 டாலர். போனஸை எட்ட அது ஒன்றுதான் குறை என்றால் கட்டுங்கள், மற்ற சமயம் வேண்டாம். ஸ்டேட்மென்ட் தொகை முழுவதற்கும் ஆட்டோபே போட்டுவிடுங்கள். ஒரு மாதம் பாக்கி வைத்தாலே வட்டி புள்ளியைத் தின்னத் தொடங்கிவிடும்.

இனி டிக்கெட். சேஸ் புள்ளி ஏர் கனடாவின் புள்ளித் திட்டமான ஏரோபிளானுக்கு 1,000க்கு 1,000 என்று மாறும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்னைக்கு லுஃப்தான்சாவில் போக இது நல்ல வழி. லுஃப்தான்சா போன்ற கூட்டாளி விமானங்களுக்கு ஏரோபிளான் எரிபொருள் கட்டணம் வாங்குவதில்லை. வரியும் 39 கனடா டாலர் முன்பதிவுக் கட்டணமும் கட்டினால் போதும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டனிலிருந்து நேராகச் சென்னை போகும், ஆனால் கூடுதல் கட்டணம் கனமானது. இருக்கையை முதலில் கண்டுபிடித்துவிட்டுத்தான் புள்ளியை மாற்ற வேண்டும். மாற்றிய புள்ளி திரும்பி வராது. டிசம்பரிலும் ஜூன், ஜூலையிலும் நாலு இருக்கை ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். போகவும் வரவும் தனித்தனியாக, இரண்டிரண்டு பேராகத் தேடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயர். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ. (முன்பெயர் தெரியாது) என்று முன்பெயர் விழும். வங்கியில் ஒரு மாதிரி, ஏரோபிளானில் அப்பா பெயர் சேர்த்து இன்னொரு மாதிரி இருந்தால் புள்ளி மாற்றம் நின்றுவிடும், அதற்குள் இருக்கையும் போய்விடும். கார்டு கிடைத்த வாரமே ஏரோபிளான் கணக்கை வங்கியில் உள்ள பெயரிலேயே திறந்து, 1,000 புள்ளி மட்டும் மாற்றிச் சோதித்துப் பாருங்கள். டிக்கெட்டில் பயணியின் பெயர் பாஸ்போர்ட்படிதான் இருக்க வேண்டும்.

முன்பதிவு முடிந்ததும் 014 என்று தொடங்கும் 13 இலக்க டிக்கெட் எண் மின்னஞ்சலில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது வராதவரை டிக்கெட் போடப்படவில்லை. லுஃப்தான்சாவுக்கு என்று தனி ஆறெழுத்துக் குறிப்பு எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அவர்கள் தளத்தில் இருக்கையையும் சைவச் சாப்பாட்டையும் பதிந்துவிடுங்கள்.