நயாகராவில் ஒரு யாழ்ப்பாணக் காலைச் சாப்பாடு

ரொறன்ரோவிலிருந்து நயாகரா ஒன் த லேக் காரில் ஒன்றரை, இரண்டு மணித்தியால ஓட்டம். நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிற எங்கட சனம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். அங்கிருந்து அரை மணித்தியாலம் வடக்கே வந்தால் நயாகரா ஒன் த லேக். 1813 டிசம்பரில் பின்வாங்கிய அமெரிக்கப் படை எரித்துவிட்டுப் போன ஊர் இது. இன்று ஆட்கள் நின்று படம் எடுக்கிற பழைய வீடுகளில் பல அதற்குப் பிறகு எழுந்தவை. இங்கே யாழ்ப்பாணத்துத் தம்பதியர் நடத்தும் மூன்று அறை விடுதியின் நடைச்சுவரில், 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் படம் மாட்டியிருக்கிறது. இந்த ஊருக்கு அது பொருந்துகிறது.

சாப்பாட்டு மேசைக்கு வருவோம். காலை ஒன்பது மணி இடியப்பத்துக்கு முதல்நாள் இரவே வேலை தொடங்கிவிடும். கடையில் வாங்கும் முழுத் தேங்காயை நம்ப முடியாது, உடைத்தால் பல காறிப்போயிருக்கும். அதனால் உறைந்த தேங்காய்ப்பூ. இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் கையால் பிழிந்து நீரை எடுத்துவிட வேண்டும். பனிக்கட்டியோடு இடித்தால் சம்பல் தண்ணீர் விட்டு நிற்கும்.

மா இரண்டு பங்கு வறுத்த சிவப்பரிசி, ஒரு பங்கு அவித்த கோதுமை. உப்புச் சேர்த்து அரிதட்டில் அரிக்க வேண்டும். அரிசி மா நல்ல கொதிநீர் கேட்கும். கோதுமை மா அந்தச் சூட்டில் பசையாகிவிடும். எனவே கேத்தல் கொதித்த பின் ஒரு நிமிடம் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் குழைப்பார்கள். தண்ணீர் குறைந்தால் இடியப்ப உரல் இறங்காது, இழை அறும். கூடினால் அவிந்தபின் எல்லாம் ஒட்டிக் கட்டியாகும். பனிக்காலத்தில் மா சட்டென்று ஆறி இறுகும் என்பதால் ஈரத்துணி மூடியே இருக்கும்.

"இஞ்சாருங்கோ, மா ஆறுது, கெதியாப் பிழியுங்கோ!"

"பொறுமப்பா, மற்றத் தட்டைத் தாரும்."

பிழிவது அவர், அவிப்பது அவ. ஆவி நன்றாக வந்தபின் எட்டுப் பத்து நிமிடம் போதும்.

சொதியில்தான் கைப்பக்குவம் தெரியும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் வேக வேண்டும். முதற்பால் விட்டதும் ஒரே கொதி, உடனே இறக்கிவிட வேண்டும். சூடு தணிந்த பிறகுதான் தேசிக்காய்ப் புளி; அடுப்பில் இருக்கும்போதே விட்டால் பால் திரையும். பால் பிழியத் தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டு நீரில் அடிக்க வேண்டும், குளிர்நீரில் கொழுப்பு இறங்காது.

செத்தல் மிளகாய் வறுப்பது விருந்தினர் இல்லாத நாட்களில் மட்டும். ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் புகை அலாரம் கட்டாயம். விடியற்காலைத் தாளிப்பு ஒன்றே வீட்டை எழுப்பிவிடும். புகைபோக்கி காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளே விடுகிற வகையாக இல்லாமல், வெளியே தள்ளுகிற வகையாக இருக்கிறது. தமிழ்ச் சமையல் செய்யும் விடுதிக்கு முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல்நாளே சொல்லிவிடுங்கள். தனி அரிசி மாவில் பிழிவார்கள், உரலையும் தட்டையும் அதற்கென்று வேறாக வைத்திருக்கிறார்கள். சைவக்காரரும் சொல்ல வேண்டும், சம்பலில் மாசிக் கருவாடு சேரும்.

ஓகஸ்ட்டில் போனால் அந்த மண்ணின் பீச் பழம் மேசையில் இருக்கும். மல்லியும் வேர்க்கொம்பும் போட்ட கோப்பியைப் பனங்கட்டியோடு கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சீனிதான் வரும்.